அடுத்த இதழ் வரும்வரை: காணொளிச் சந்தாவில் தச்சு கற்பது

1678ஆம் ஆண்டின் தொடக்கத்தில் லண்டன் அச்சுக்காரர் ஜோசப் மாக்ஸன் புதுமாதிரியான ஒரு வியாபாரத்தில் இறங்கினார். கொல்லு வேலை, தச்சு, கடைசல் ஆகிய தொழில்களை விளக்கும் நூலொன்றை மொத்தமாக அச்சிட்டுக் கடையில் வைக்காமல், மாதம் ஒரு பகுதி என்று தவணையில் விற்றார். ‘மெக்கானிக் எக்சர்சைசஸ்’ என்பது அதன் பெயர். மாக்ஸன் தச்சர் அல்லர். பூகோள உருண்டைகளும் வரைபடங்களும் செய்து விற்றவர். இரண்டாம் சார்லஸ் மன்னரின் நீர்வரைவாளர் என்ற பட்டம் பெற்றவர். அதே 1678இல் ராயல் சொசைட்டியின் உறுப்பினராகவும் ஆனார். தச்சுக் கருவிகளின் படங்களுக்கு, பாரீசில் 1676இல் வெளிவந்திருந்த ஆந்த்ரே ஃபெலிபியனின் நூலைத்தான் பெரிதும் நம்பியிருந்தார். 14 பகுதிகள் வந்தபின் 1680இல் வெளியீடு நின்றுபோனது. மன்னரைக் கொல்லக் கத்தோலிக்கர்கள் சதி செய்கிறார்கள் என்ற புரளி அப்போது லண்டனைக் கலக்கிக்கொண்டிருந்தது. வாங்கிக்கொண்டிருந்த கொஞ்சப் பேருடைய கவனத்தையும் அந்தச் சதிப் பேச்சு இழுத்துக்கொண்டுவிட்டது என்று மாக்ஸன் பின்னர் எழுதினார். சந்தாதாரர்கள் நழுவிப்போனதற்கு இவ்வளவு கௌரவமான காரணம் வேறெந்தப் பத்திரிகைக்காரருக்கும் வாய்த்திருக்காது.

அந்த நூலின் முன்னுரையிலேயே மாக்ஸன் ஒன்றை ஒப்புக்கொள்கிறார். கைத்தொழில் என்பது கையின் சூட்சுமம். அதைச் சொல்லிக் கொடுத்துவிட முடியாது, செய்து பழகித்தான் அடைய வேண்டும். இப்படி எழுதிவிட்டு, சில பக்கங்களிலேயே சொல்லிக் கொடுக்கத் தொடங்கிவிடுகிறார். இதில் கபடம் ஏதுமில்லை. கருவியின் பெயர், அதைப் பிடிக்கும் விதம், எந்த வேலைக்குப் பின் எந்த வேலை என்பவற்றை எழுத்தில் தந்துவிடலாம். மிச்சத்தை வாசகர் தன் பட்டறையில் தேடிக்கொள்ளட்டும் என்பது அவர் கணக்கு. தச்சுப் பாடத்தைக் காசுக்கு விற்க வந்த ஒவ்வொருவரும் இந்தக் கணக்கைத்தான் வெவ்வேறு விதமாகப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். இந்த வரிசையில் கடைசியாக வந்தது சந்தா கட்டிப் பார்க்கும் காணொளி இதழ். அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் கடந்த பதினைந்து இருபது ஆண்டுகளில் அது தனக்கென ஒரு தொழிலாகவே வளர்ந்துவிட்டது.

காணொளியில் தச்சு கற்க முடியுமா என்று கேட்டால் முடியும் என்றுதான் சொல்ல வேண்டும். கற்றவர்கள் இருக்கிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது, அவர்கள் எதற்காகப் பணம் கொடுத்தார்கள் என்பது. உளி பிடிப்பதும் இழைப்புளி தள்ளுவதும் யூடியூபில் இலவசமாகக் கொட்டிக் கிடக்கின்றன. சந்தா கட்டுபவர் வாங்குவது படத்தையல்ல. எதை முதலில் செய்வது, எதை அப்புறம் செய்வது என்ற வரிசையையும், ஒரு பாடத்துக்கும் அடுத்த பாடத்துக்கும் நடுவே விழும் இடைவெளியையும்தான் என்பது என் வாதம். இரண்டாவதைக் காசு கொடுப்பவரும் கவனிப்பதில்லை, விற்பவரும் விளம்பரப்படுத்துவதில்லை.

அச்சு இதழ்களின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். லண்டனில் கேசல் நிறுவனம் 1889இல் ‘வொர்க்’ என்ற வார இதழைத் தொடங்கியது. 1901இல் ‘தி வுட்வொர்க்கர்’ வந்தது. 1939 முதல் 1967 வரை அதன் ஆசிரியராக இருந்த சார்லஸ் ஹேவர்ட் கட்டுரைகளை எழுதியதோடு படங்களையும் தானே வரைந்தார். வரைபவருக்குத் தச்சு தெரிந்திருந்தால் எந்தக் கோட்டை விடலாம், எந்தக் கோட்டை விடக்கூடாது என்பது தெரியும். ஹேவர்டின் படங்களை இன்றும் மறுபதிப்புச் செய்கிறார்கள் என்றால் அதுதான் காரணம். அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலத்தின் நியூடவுனிலிருந்து 1975இல் பால் ரோமன் தொடங்கிய ‘ஃபைன் வுட்வொர்க்கிங்’, கோட்டுப்படத்தின் இடத்தில் புகைப்படத்தை வைத்தது. பிழைப்புக்காக அல்லாமல் ஆசைக்காகத் தச்சு செய்யும் பொறியாளர்களும் மருத்துவர்களும் அதைச் சேர்த்துவைத்துப் படித்தார்கள். அந்த இதழின் பதிப்பகம் 1980களில் வீடியோ கேசட்டுகளையும் வெளியிட்டது. ஹங்கேரியில் தன் தந்தையிடம் தொழில் பழகி அமெரிக்கா வந்த ஃபிராங்க் கிளாவுஸ், ஓர் இழுப்பறைக்குப் புறாவால் இணைப்பு (புறாவின் வால்போல விரியும் பற்கள் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும் மூலை இணைப்பு) அறுக்கும் கேசட் இன்றும் பேசப்படுகிறது. கோணத்தை அளக்காமல், கண்ணால் மதிப்பிட்டே அவர் வாளை வைக்கிறார். அளவுகோலும் மூலைமட்டமும் வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் திண்டாடிய வாசகருக்கு அந்த வேகமே ஒரு செய்தி. எந்தப் புகைப்படத்தாலும் அதைச் சொல்லியிருக்க முடியாது.

வேகம், தாளம், உடம்பு நிற்கும் வாகு ஆகியவற்றை அச்சைவிடக் காணொளி நன்றாகக் காட்டும் என்பதில் சந்தேகமில்லை. வாளால் அறுக்கும்போது முழங்கையும் மணிக்கட்டும் வாளும் ஒரே கோட்டில் வர வேண்டும் என்று பத்து முறை படித்தாலும் புரியாதது ஒரு முறை பார்த்தால் புரிந்துவிடும். கொட்டாப்புளியால் உளியைத் தட்டும்போது, உளி அடிமட்டத்தைத் தொட்டதும் ஓசை மாறுவதும் காதில் விழும். ஆனால் படமெடுப்பது வேறு, அதை வெட்டி ஒட்டுவது வேறு. இந்த இடத்தில்தான் அமெரிக்கப் பொதுத் தொலைக்காட்சியில் பல்லாண்டுகள் ஓடிய இரண்டு நிகழ்ச்சிகளை எதிரெதிரே வைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

ஒன்று, பாஸ்டன் நிலையம் தயாரித்த ‘தி நியூ யாங்கி வொர்க்‌ஷாப்’. 1989 முதல் 2009 வரை, 21 பருவங்கள். நார்ம் ஏப்ரம் கட்டம்போட்ட சட்டையும் பாதுகாப்புக் கண்ணாடியுமாக வருவார். ஒரு பொருளை முன்கூட்டியே மாதிரியாகச் செய்து வைத்திருப்பார். அதையே படக்கருவியின் முன் மறுபடி செய்வார். அரைமணி நேரத்துக்குள் மேசையோ அலமாரியோ முடிந்துவிடும். மின்கருவி நிறுவனங்கள் நிகழ்ச்சியின் புரவலர்கள். அளவு குறித்த வரைபடங்களையும் வீடியோவையும் பார்வையாளர் தனியே காசு கொடுத்து வாங்கிக்கொள்ளலாம். இன்னொன்று, வட கரோலினா பொதுத் தொலைக்காட்சியில் 1979இல் தொடங்கி 2017 வரை ஓடிய ‘தி வுட்ரைட்ஸ் ஷாப்’. ராய் அண்டர்ஹில் மின்சாரத்தைத் தொடவே மாட்டார். கோடாரி, உளி, இழைப்புளி மட்டும்தான். பெரும்பாலும் நிறுத்தாமல் ஒரே ஓட்டமாகப் படமாக்கினார்கள். மூச்சு வாங்கும்; பேச்சு தடுமாறும்; விரலில் வெட்டுப்பட்டு ரத்தம் வருவதும் உண்டு.

நார்மின் நிகழ்ச்சி தச்சு ஆசையை ஏராளமானோரிடம் விதைத்தது; ராயின் நிகழ்ச்சிதான் தச்சு வேலை எப்படி இருக்கும் என்பதைக் காட்டியது என்று எனக்குத் தோன்றுகிறது. ஏன் என்பதை விளக்க டேவிட் பை உதவுவார்; அவர் லண்டன் ராயல் காலேஜ் ஆஃப் ஆர்ட்டில் மரச்சாமான் வடிவமைப்புப் பேராசிரியராக இருந்தவர். 1968இல் வெளிவந்த நூலில் அவர் வேலைப்பாட்டை இரண்டாகப் பிரித்தார். இயந்திரம் அச்சுக் குலையாமல் செய்து தள்ளும்போது விளைவு முன்பே நிச்சயமாகிவிட்டது. கையால் செய்யும்போதோ கடைசித் தட்டு வரை எந்தக் கணமும் கெட்டுப்போகலாம். தரம் முழுக்க அந்த அபாயத்துக்குள்தான் உருவாகிறது. காணொளியைத் தொகுப்பவர் செய்வதைக் கவனியுங்கள். அரைமணி நேர இழைப்பு அரை நிமிடமாகச் சுருங்குகிறது. நார் கிளம்பிக் கெட்ட பலகை குப்பைக்குப் போகிறது. நன்றாக வந்தது மட்டும் திரையில் தங்குகிறது. பை சொன்ன அபாயம் முழுவதையும் கத்தரி துடைத்துவிடுகிறது. பார்ப்பவர் கண்ணுக்குக் கைவேலையும் இயந்திர வேலைபோல நிச்சயமானதாகத் தெரிகிறது. பிறகு தன் பலகை பிளந்ததும், தனக்குக் கைவராது என்று நினைத்துக்கொள்கிறார்.

இதன் மறுபக்கத்தை ஒரு சோதனை காட்டியது. சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மைக்கேல் கார்டாசும் எட் ஓ’பிரையனும் 2018இல் ‘சைக்கலாஜிக்கல் சயன்ஸ்’ இதழில் வெளியிட்டது. மேசைமேல் தட்டுகள் அசையாமல் விரிப்பை மட்டும் உருவும் வித்தையை ஒரு சாராருக்கு ஒரு முறையும், இன்னொரு சாராருக்கு 20 முறையும் காணொளியில் காட்டினார்கள். அதிகம் பார்த்தவர்கள், தங்களால் அதைச் செய்ய முடியும் என்று அதிகமாக நம்பினார்கள். அம்பு எறிதல் போன்ற வித்தைகளைச் செய்தும் பார்க்கச் சொன்னார்கள். நம்பிக்கை கூடியிருந்தது, திறமை கூடவில்லை. சுவையான பகுதி கடைசியில் வருகிறது. கட்டைகளை மேலே எறிந்து பிடிக்கும் வித்தையைப் பார்த்தவர்களில் சிலரிடம் அந்தக் கட்டைகளைக் கொஞ்ச நேரம் கையில் கொடுத்தார்கள். எறிய வேண்டாம், பிடித்துப் பார்த்தால் போதும். அந்த எடை கையில் பட்டதுமே மிதமிஞ்சிய நம்பிக்கை இறங்கிவிட்டது.

தச்சில் அந்த எடை எங்கே இருக்கிறது என்று கேட்டால், நான் உளி தீட்டுவதைச் சொல்வேன். இங்கிலாந்தின் ஸ்டாக்போர்ட்காரர் பால் செல்லர்ஸ். 1965இல் 15 வயதில் தச்சுப் பட்டறையில் பழகச் சேர்ந்தவர். அவர் காட்டும் முறை எளிது. மூன்று வைரப் பட்டைகள், கரடானதிலிருந்து மிருதுவானதுக்கு: 250, 600, 1200. சுமார் 30 பாகை சாய்வு. கடைசியில் பசை தேய்த்த தோல் வாரில் 30 இழுப்பு. காணொளியில் எல்லாம் தெளிவாகத் தெரியும், ஒன்றைத் தவிர. உளியின் சாய்முகத்தைக் கல்லில் தேய்க்கும்போது எதிர்ப்பக்கத்தில் மெல்லிய பிசிர் எழும். அது அகலம் முழுக்க எழுந்தால்தான் அடுத்த கல்லுக்குப் போகலாம். பெரும்பாலும் அது கண்ணுக்குத் தெரியாது. கட்டைவிரலைக் கூர்முனையிலிருந்து வெளியே பார்த்து இழுத்தால் லேசாகத் தட்டும், அவ்வளவுதான். செல்லர்ஸ் இதை வாயால் சொல்கிறார். விரலை இழுத்தும் காட்டுகிறார். திரையில் தெரிவது இழுபடும் விரல். அந்த விரலுக்குத் தெரிந்தது நமக்கு வந்து சேருவதில்லை. தத்துவவாதி மைக்கேல் பொலானி 1958இல் எழுதிய நூலில் சுத்தியலால் ஆணி அடிப்பதை உதாரணமாக எடுத்துக்கொள்கிறார்: அடிப்பவரின் கவனம் ஆணிமேல் இருக்கிறது, உள்ளங்கையில் சுத்தியல் உணர்த்துவதை அவர் தனியாகக் கவனிப்பதில்லை, ஆனால் அதை வைத்துத்தான் ஆணியை அடிக்கிறார். காணொளி நமக்கு ஆணியைக் காட்டுகிறது.

பிசிர் எழும் பக்கத்தைத் தொட்டு உணர்ந்துவிட்ட ஒருவர் அதே காணொளியை மறுபடி பார்த்தால், முன்பு பார்க்காததைப் பார்ப்பார். இது வெறும் அனுபவப் பேச்சு அல்ல. பியாட்ரிஸ் கால்வோ மெரினோவும் உடன் ஆய்வாளர்களும் 2005இல் வெளியிட்ட மூளைப்பட ஆய்வில் பாலே நடனக்காரர்களுக்கும் கபோயேரா ஆடுபவர்களுக்கும் இரு வகை அசைவுகளையும் காணொளியாகக் காட்டினார்கள். தாங்கள் பயின்ற அசைவைப் பார்க்கும்போது அவர்களுடைய மூளையின் இயக்கப் பகுதிகள் கூடுதலாக விழித்துக்கொண்டன. பயிலாத அசைவைப் பார்க்கும்போது அந்த அளவு இல்லை. நடனத்திலிருந்து தச்சுக்குத் தாவுவதில் கொஞ்சம் ஜாக்கிரதை வேண்டும்தான். இருந்தாலும் பட்டறையில் நடப்பதோடு இது பொருந்துகிறது. புறாவால் இணைப்பைத் தானே அறுத்துப் பார்க்காதவர், திரையில் வாளைப் பார்ப்பார். ஒரு முறை அறுத்து, இடுக்கு விழுந்து, கெட்டுப்போன பிறகு பார்த்தால் வாளுக்குப் பக்கத்தில் அணைகொடுக்கும் கட்டைவிரல் தெரியும். வாள் கோட்டின்மேல் ஓடாமல் கோட்டைப் பாதி விட்டுவிட்டு ஓடுவது தெரியும். முதல் இரண்டு இழுப்புக்கு வாளின் எடையைக்கூட அறுத்துக்காட்டுபவர் இறக்கவில்லை என்பது தெரியும். கெடுத்துப் பார்த்த கைக்குத்தான் கண் திறக்கிறது. ஆகவே பார்ப்பது, செய்வது, மறுபடி பார்ப்பது என்ற சுற்றில் நடுவில் இருப்பது விடுபட்டால் மற்ற இரண்டும் பொழுதுபோக்குதான்.

சந்தாக் காணொளி இதழ் அந்த நடுப்பகுதிக்கு இடம் வைத்தது, அதுவும் கிட்டத்தட்டத் தற்செயலாக. அரிசோனாவில் மார்க் ஸ்பக்னோலோ 2006இல் ‘தி வுட் விஸ்பரர்’ என்ற பெயரில் இலவசக் காணொளிகளைத் தொடங்கினார். அடுத்த சில ஆண்டுகளில் கட்டண உறுப்பினர்களுக்கென ஒரு கில்டையும் அமைத்தார். உறுப்பினர்கள் எல்லோரும் ஒரே மரச்சாமானை ஒரே சமயத்தில் செய்வார்கள். அவர் ஒரு கட்டம் முன்னே செய்துகாட்டுவார். அடுத்த பகுதியை அவர் படமாக்கி முடிக்கும்வரை இவர்கள் காத்திருக்க வேண்டும். காத்திருக்கும் நேரத்தில் மரத்தை அறுப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. மேரிலாந்தைச் சேர்ந்த ஷானன் ராஜர்ஸ் 2010இல் கைக்கருவிகளுக்கென்றே தொடங்கிய இணையப் பள்ளியைக் கல்லூரிபோலப் பருவங்களாகப் பிரித்தார். 2012இல் செல்லர்ஸ் தன் மகனுடன் சேர்ந்து ‘வுட்வொர்க்கிங் மாஸ்டர்கிளாசஸ்’ என்ற சந்தாத் தளத்தைத் தொடங்கினார். வட வேல்ஸில் பென்ரின் கோட்டையில் அப்போது அவருக்குப் பட்டறை இருந்தது. ஒரு பொருளைச் செய்து முடிக்கும் வேலை பல பகுதிகளாக, வாரம் ஒன்றாக வந்தது. ‘ஃபைன் வுட்வொர்க்கிங்’ போன்ற அச்சு இதழ்களும் தங்கள் இணைய உறுப்பினர்களுக்குத் தொடர் காணொளிகளைத் தரத் தொடங்கின.

இவர்களில் வரிசையைப் பற்றி அதிகம் யோசித்தவர் செல்லர்ஸ்தான். மூன்று இணைப்புகளும் பத்துக் கைக்கருவிகளும் போதும், வீட்டுக்கு வேண்டிய அநேகமாக எதையும் செய்துவிடலாம் என்று அவர் திரும்பத் திரும்பச் சொல்கிறார். ஒரு பலகையின் பள்ளத்தில் இன்னொரு பலகை உட்காருவது, துளையும் கழுந்தும், புறாவால். இந்த மூன்றையும் அவர் தனித்தனிப் பயிற்சியாகக் கொடுப்பதில்லை. பள்ள இணைப்பைக் கற்க ஒரு சுவர்க் கடிகாரச் சட்டம்; புறாவாலுக்கு ஒரு சின்னப் பெட்டி. கோட்டைப் பென்சிலால் கீறாமல் கத்தியால் வெட்டி, அதன் உள்ளோரத்தை உளியால் சற்றுச் சீவிவிட்டால் ஒரு சிறு சுவர் எழும்பும். வாள் அந்தச் சுவரில் சாய்ந்து நேராக ஓடும். இந்த உத்தி எல்லாப் பாடத்திலும் வந்துகொண்டே இருக்கும். நாலைந்து பொருள்களைச் செய்வதற்குள் அது கைப்பழக்கமாகிவிடும். ஆழத்தைச் சமப்படுத்தும் கருவி வாங்கக் காசில்லையா, ஒரு மரத்துண்டில் துளையிட்டு உளியைச் சொருகிக்கொள்ளுங்கள் என்று காட்டிய அவருடைய இலவசக் காணொளி மிகவும் பரவியது. கருவி விற்பவர்களின் புரவலுக்குக் கட்டுப்படாமல் சந்தாவை நம்பியதால்தான் இப்படிச் சொல்ல முடிகிறது. நார்ம் ஏப்ரத்தின் நிகழ்ச்சியில் இந்த யோசனை வந்திருக்காது.

ஆனாலும் காணொளி இதழின் வரிசையில் ஓர் அடிப்படைக் கோளாறு இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள லைபீரியாவுக்குப் போக வேண்டும். மானுடவியலாளர் ஜீன் லேவ் 1970களில் மன்ரோவியாவின் தையற்காரர்களிடம் தொழில் பழகும் சிறுவர்களை ஆராய்ந்தார். பின்னர் எட்டியன் வெங்கருடன் 1991இல் அவர் எழுதிய நூலின் வழியாக அந்த ஆய்வு பெயர் பெற்றது. ஒரு கால்சட்டை உருவாகும் வரிசை, துணி வெட்டுவது, தைப்பது, பொத்தான் வைத்து முடிப்பது. சிறுவன் கற்கும் வரிசை அப்படியே தலைகீழ். முதலில் பொத்தானும் விளிம்பு மடிப்பும், அப்புறம் தையல், வெட்டுவது கடைசி. பொத்தான் தவறினால் பிரித்துத் தைத்துக்கொள்ளலாம், வெட்டு தவறினால் துணியே தொலைந்தது. அதோடு முடிந்த பொருளைக் கையில் வைத்துக்கொண்டே தொடங்குவதால், வெட்டுபவர் எதை நோக்கி வெட்டுகிறார் என்பது அவனுக்கு முன்பே தெரிந்திருக்கும். மரப்பட்டறைகளிலும் ஏறத்தாழ இதே கதைதான். உப்புத்தாள் போடுவதும் வச்சிரம் காய்ச்சுவதும் கருவி தீட்டுவதும்தான் பையனுக்கு முதலில் கிடைக்கும். ஆசாரி வீட்டில் வளர்ந்தவர்களைக் கேட்டால், தன் கையில் வாள் எப்போது வந்தது என்பதைச் சொல்ல முடியாமல் யோசிப்பார்கள். அதற்கு முன்னால் அத்தனை வேலை இருந்தது.

காணொளி இதழோ பொருள் பிறக்கும் வரிசையில்தான் போக முடியும். கரடுமுரடான பலகையைத் தேர்ந்தெடுத்து, நான்கு பக்கமும் மட்டமாகவும் மூலைமட்டத்துக்குச் சரியாகவும் இழைப்பது முதல் பாடம். கையால் செய்வதானால் தச்சிலேயே கஷ்டமான வேலைகளில் அது ஒன்று. வளைந்த பலகையில் எங்கே மேடு எங்கே பள்ளம் என்று பார்க்கவே ஒரு பழக்கம் வேண்டும். துணியை வெட்டும் வேலை முதல் நாளே கையில் விழுகிறது. வேறு வழியும் இல்லை. பட்டறையில் குருவின் வேலையில் நாம் ஒரு மூலையை எடுத்துக்கொள்கிறோம். வீட்டில் சந்தாதாரர் தனியாள், அவர் தொடாத மூலையைச் செய்ய ஆளில்லை. எனவே பலர் இயந்திரத்தில் இழைத்த பலகையை வாங்கிக்கொண்டு இரண்டாவது பாடத்திலிருந்து தொடங்குகிறார்கள். அதைக் குறைசொல்ல நான் தயாரில்லை. லேவின் தையற்காரச் சிறுவர்கள் போன வழிதான் அது.

இடம் மாறினால் பாடமும் கொஞ்சம் மாறும். திரையில் செர்ரியும் வால்நட்டும் பைனும் சுருள் சுருளாக இழைபடும். இங்கே கையில் கிடைப்பது தேக்கு. அதில் சிலிக்கா உண்டு, கூர் சீக்கிரம் மழுங்கும். வேங்கையில் நாரோட்டம் அடுக்குக்கு அடுக்கு எதிர்த்திசையில் பின்னிக்கொண்டு போவதால், எந்தப் பக்கமிருந்து இழைத்தாலும் எங்காவது நார் கிளம்பும். காணொளியின் ‘நாரோடு இழையுங்கள்’ என்ற ஒரு வரி அங்கே உதவாது. அடிக்கடி கூர் ஏற்றி, மிக மெல்லியதாகச் சீவுவதைத்தான் கற்றுக்கொள்ள வேண்டும். இன்னொன்றும் உண்டு. செல்லர்ஸ் உட்பட எல்லோருடைய பாடமும் இடுப்பளவு உயரப் பட்டறை மேசையையும் அதில் பொருத்திய வைசையும் அடிப்படையாக வைத்துக்கொள்கிறது. நம் ஊர் ஆசாரி தரையில் உட்கார்ந்து, மரத்தைப் பாதத்தால் அழுத்திப் பிடித்துக்கொண்டு உளி போடுவார். அவர் உடம்பே வைஸ். மேசை இல்லாத இடத்தில் மேசையையே முதலில் செய்துகொள்ளலாம் என்று, வீட்டுத் தோட்டத்தில் மலிவான பைன் கட்டைகளைக் கொண்டு செல்லர்ஸ் ஒரு மேசை செய்துகாட்டிய இலவசத் தொடரும் உண்டு. மதுரையிலோ யாழ்ப்பாணத்திலோ அதைப் பார்ப்பவர், தரையில் உட்கார்ந்து செய்யும் வாய்ப்பும் தனக்கு இருக்கிறது என்பதை மறந்துவிட வேண்டியதில்லை.

திருத்துவது யார் என்ற கேள்வியைத் தாண்டிப் போக முடியாது. பட்டறையில் குரு பேசவே வேண்டியதில்லை. அறுக்கும் ஓசை மாறினால் தூரத்திலிருந்தே திரும்பிப் பார்ப்பார். அந்தப் பார்வை போதும். காணொளி ஆசிரியருக்கு நம் ஓசை கேட்காது. உறுப்பினர்கள் அனுப்பும் படங்களைப் பார்த்தும் நேரலையில் கேள்விகளுக்குப் பதில் சொல்லியும் அந்த இடத்தை நிரப்பப் பார்த்தார்கள். ஆனால் அனுப்பும் படம் முடிந்த பொருளின் படம். இடுக்கு விழுந்திருப்பது தெரியும். வாளை அழுத்திப் பிடித்ததால் விழுந்ததா, கோடு தப்பாக விழுந்ததா என்பது தெரியாது. மருத்துவரிடம் தழும்பைக் காட்டுவதுபோல. பழைய பட்டறைக்கு வக்காலத்து வாங்குவதிலும் அளவு வேண்டும். தொழில் ரகசியத்தை மூடி வைத்தவர்கள், வருடக்கணக்கில் எடுபிடியாகவே வைத்திருந்தவர்கள், பெண் பிள்ளையை உள்ளேயே விடாதவர்கள் எல்லாம் அங்கேதான் இருந்தார்கள். இங்கிலாந்தின் 1563ஆம் ஆண்டுச் சட்டம் ஏழு ஆண்டுப் பழகுகாலத்தைக் கட்டாயமாக்கியபோது, அதில் எத்தனை ஆண்டு கற்பித்தலுக்கு, எத்தனை ஆண்டு கூலியில்லா உழைப்புக்கு என்று பிரித்துச் சொல்லவில்லை. திரையிலிருப்பவர் எதையும் மறைப்பதில்லை, நூறு முறை கேட்டாலும் சலிப்பதில்லை, கேட்பவர் என்ன சாதி, ஆணா பெண்ணா என்று பார்ப்பதும் இல்லை. இது பெரிய விஷயம்.

சந்தா இதழுக்கு உள்ளேயிருந்து வரும் நெருக்கடி வேறு மாதிரியானது. இதழ் பிழைக்க, சந்தாதாரர் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். கை பழக, அவர் திரையை அணைத்துவிட்டு எழுந்திருக்க வேண்டும். தொடக்க ஆண்டுகளில் இந்த முரண் வெளியே தெரியவில்லை. ஒரு வாரத்துக்கு ஒரு பகுதிதான் இருந்தது; அதை ஒரே நாளில் பார்த்துவிட்டு மீதி நாளில் மரத்திடம் போவதைத் தவிர வேறு வழியில்லை. வருடங்கள் போகப்போகப் பழைய தொடர்கள் குவிந்தன. 2012இல் சேர்ந்தவர் ஒரு கழுந்துக்காகக் காத்திருந்தார். பல வருடம் கழித்துச் சேர்பவருக்கு முன்னால் கடிகாரமும் பெட்டியும் நாற்காலியும் அலமாரியும் முழுதாக விரிந்து கிடக்கின்றன; இரவு உணவுக்குப் பின் மூன்று பகுதி பார்த்துவிட்டுத் தூங்கலாம். பார்க்கப் பார்க்க, கார்டாஸ் சோதனையில் 20 முறை பார்த்தவர்களுக்கு வந்த அதே நம்பிக்கை வரும். இதழாகத் தொடங்கியது நூலகமாக மாறியது. இந்த மாற்றத்தை யாரும் முடிவெடுத்துச் செய்யவில்லை. சேமிப்பு வளர்ந்ததும் அது தானாகவே நடந்தது.

ஆளுக்கொரு விதமாக இதற்கு ஈடுகொடுத்திருக்கிறார்கள். ஸ்பக்னோலோவின் கில்ட் உறுப்பினர் கட்டணத்தை விட்டுவிட்டு, ஒவ்வொரு மரச்சாமானுக்கான பாடத்தையும் தனித்தனியே விற்கும் முறைக்கு வந்தது. அதில் ஒரு நேர்மை இருக்கிறது: நாற்காலிப் பாடத்துக்குக் காசு கொடுத்தவர் நாற்காலி செய்யும் உத்தேசத்தோடு வந்திருப்பார். செல்லர்ஸ், புதியவர்களுக்கு அடிப்படைகளை ஒழுங்குபடுத்திச் சொல்லும் தனித் தளமொன்றை இலவசமாகவே திறந்துவைத்தார். எதை முதலில் கற்பது என்ற வரிசையை அங்கே காசில்லாமலே பெறலாம். ராஜர்ஸின் பருவமுறை வரிசையை இன்னும் விற்பனைப் பொருளாகவே வைத்திருக்கிறது. இம்மூன்றில் நான் ராஜர்ஸின் பக்கம் சாய்வேன். ஆனால் அங்கும் முதல் பருவத்தின் பலகையை இழைக்காமலேயே இரண்டாம் பருவத்தைப் பார்க்க நினைப்பவரின் கையைப் பிடித்து நிறுத்துவது வெறும் காணொளிக்கு ஆகாத காரியம். கெட்டுப்போன முதல் புறாவாலைப் படமெடுத்து அனுப்பினால்தான் அடுத்த பாடம் திறக்கும் என்று ஓர் இதழ் நிபந்தனை வைக்கலாம். தொழில்நுட்பத்தில் அதற்குத் தடை எதுவும் இல்லை. எத்தனை சந்தாதாரர்கள் இரண்டாவது மாதமும் பணம் கட்டுவார்கள் என்பதை யோசித்துத்தான் அதை நடத்துபவர் முடிவெடுப்பார்.